‘ரிப்போர்ட் நோர்மல்’ என்ற பிறகும் வருத்தம் தீராதபோது

கச்சான் காற்று அனலாய் வீசும் ஆனி மாதத்து நடுப்பகலில், மின்விசிறியை நிறுத்திவிட்டுப் போர்வைக்குள் சுருண்டு கிடக்கும் ஒரு பெண்ணைச் சோம்பேறி என்று வீட்டார் முடிவுகட்டுவது எளிது. என் அக்காவைப் பற்றி நாங்கள் ஏழு ஆண்டுகளாக அப்படித்தான் முடிவுகட்டியிருந்தோம். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைக் கிராமம் ஒன்றில் வாழும் அவர், இரண்டாவது பிள்ளைப்பேற்றின்போது மிகுதியாக இரத்தம் இழந்து, இரத்தம் ஏற்றப்பட்டு, உயிர் தப்பி வீடு வந்தார். அந்தப் பிள்ளைக்குப் பால் சுரக்கவில்லை. மாதவிடாய் அதன் பின்னர் திரும்பவே இல்லை. சில ஆண்டுகளில் புருவம் அடர்த்தி குறைந்தது, குளிர் தாங்க முடியாமற்போயிற்று, நெல் அவிக்கும் பானையைத் தனியாளாய் இறக்கியவருக்கு ஒரு குடம் தண்ணீர் தூக்கினாலே தலை சுற்றிக் கிறுதி வந்தது.

காட்டிய இடமெல்லாம் வெவ்வேறு பெயர் சொன்னார்கள். இரத்தம் குறைவு என்றார்கள், உடம்புப் பலவீனம் என்றார்கள், மனக்கவலை என்றார்கள். நாவூறு பார்த்தோம், நூலும் கட்டினோம். கடைசியில் ஒரு வைத்தியர் தைரொயிட் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். முடிவு இயல்பான எல்லைக்குள் இருந்தது. “தைரொயிட் நோர்மல் அம்மா, உங்களுக்கு ஒண்டுமில்லை, யோசிக்காம இருங்க” என்று சொல்லி விற்றமின் குளிசையோடு அனுப்பினார். அந்தக் கடதாசி கைக்கு வந்த நாளிலிருந்து அக்காவின் வருத்தம் எங்கள் வீட்டிலும் பொய்யாகிவிட்டது.

அந்தக் கடதாசியிலிருந்த எண் சரியானது. அதை வைத்தியரும் நாங்களும் வாசித்த விதம்தான் பிழைத்தது. அது எப்படிப் பிழைத்தது என்பதை விளங்கிக்கொள்ள எனக்குப் பல ஆண்டுகள் ஆயின. நான் வைத்தியர் அல்ல. அக்காவுடன் கிளினிக் வாங்கில்களில் காத்திருந்து, கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டவற்றையே இங்கு எழுதுகிறேன். காரணம் தெரியாமல் நீண்டகாலம் உடம்பு படுத்தும்போது, அது ஓமோன் தொடர்பானதாக இருக்கலாம் என்று ஐயுறுபவர்களுக்கும், ஐயுற்றுச் சொல்லியும் நம்பப்படாதவர்களுக்கும் இது பயன்படலாம்.

வட்டவிதானையும் வயலும்

ஓர் உறுப்பில் சுரந்து, இரத்தத்தோடு கலந்து சென்று, தொலைவிலுள்ள வேறோர் உறுப்புக்கு வேலை சொல்லும் இரசாயனப் பொருளே ஓமோன். கபச்சுரப்பி, தைரொயிட், சதையி, அதிரீனல், சூலகம் என்று பாடசாலை விஞ்ஞானப் புத்தகத்தில் படம் வரைந்து பெயர் குறித்ததோடு நம்மில் பலருக்கு அந்தப் பாடம் முடிந்துவிட்டது. இந்தச் சுரப்பிகள் ஒன்றையொன்று இடைவிடாமல் கவனித்து, ஒன்று குறைந்தால் மற்றது குரல் கொடுத்துத் தம்மைத் தாமே சமன்செய்துகொள்கின்றன என்பது அந்தப் படத்தில் தெரியாது.

உன்னிச்சைக் குளத்து நீரிலோ சேனநாயக்க சமுத்திரத்து நீரிலோ வேளாண்மை செய்பவர்களுக்கு இதை விளங்கிக்கொள்வது கடினமல்ல. வயற்கண்டத்தில் தண்ணீர் வற்றினால் மடையைத் திறக்கும்படி, நீர்ப்பங்கீட்டைக் கவனிக்கும் வட்டவிதானை குரல் கொடுப்பார். வரம்பு தொடும் அளவுக்கு நீர் வந்துவிட்டால் அடங்கிவிடுவார். மூளையின் அடிப்புறத்தில் ஒரு கடலையின் அளவில் இருக்கும் கபச்சுரப்பிதான் உடம்பின் வட்டவிதானை. அது கழுத்திலுள்ள தைரொயிட்டை நோக்கிக் கொடுக்கும் குரலுக்கு ரி.எஸ்.எச். என்று பெயர். அந்தக் குரலுக்குத் தைரொயிட் திறந்துவிடும் தண்ணீர் ரி4 எனப்படும் தைரொக்சின். உடம்பின் சூடு, இதயத்தின் வேகம், குடலின் அசைவு, மனத்தின் உற்சாகம் எல்லாமே அந்தத் தண்ணீரை நம்பியிருக்கின்றன.

தைரொயிட் பழுதடைந்து ரி4 குறைந்தால் வட்டவிதானை உரத்துக் கத்துவார், அதாவது ரி.எஸ்.எச். உயரும். ஒரு பெரியவருக்கு அது பொதுவாக ஒரு லீற்றருக்கு 0.4 முதல் 4 மில்லி அலகு வரை இருக்கும். தைரொயிட் தளரத் தொடங்கினால், ரி4 கொஞ்சமே குறைந்திருக்கும் காலத்திலும் இது பல மடங்கு ஏறிவிடும். ஆகையால்தான் தைரொயிட் குறைபாட்டைத் தேடும்போது முதலில் இந்த ஒன்றை மட்டும் அளக்கிறார்கள். பெரும்பாலானவர்களை அது தவறவிடாமல் பிடித்துவிடும். கழுத்து வீங்கினால்தான் தைரொயிட் என்று நம் பெரியவர்கள் நினைப்பதற்குக் காரணம் உண்டு: அயடீன் போதாமையால் கண்டமாலை கண்டவர்கள் ஊருக்கு ஊர் இருந்த காலம் அது. 1995இல் உப்புக்கு அயடீன் சேர்ப்பது இலங்கையில் கட்டாயமாக்கப்பட்டது. ஆனால் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தைரொயிட்டைத் தாக்கும் நோய், ஜப்பானிய வைத்தியர் ஹக்காரு ஹஷிமோட்டோ 1912இல் விவரித்தது, கழுத்தில் எந்த வீக்கமும் தெரியாமலேயே வரக்கூடும்.

இனி, வட்டவிதானையே நோயில் விழுந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். வயல் வெடித்துக் கிடக்கும். கத்துவதற்கு அவரிடம் வலு இருக்காது. அவருடைய குரலை மட்டும் அளப்பவருக்கு எல்லாம் அமைதியாக, இயல்பாக இருப்பதாகவே தோன்றும். அக்காவுக்கு நடந்தது இதுதான். கர்ப்பகாலத்தில் கபச்சுரப்பி பெரிதாகிறது. அதற்கு வரும் இரத்த ஓட்டம் அதே அளவுக்குக் கூடுவதில்லை. பிள்ளைப்பேற்றின்போது பெருமளவில் இரத்தம் போய் இரத்த அழுத்தம் விழுந்தால், அந்தச் சுரப்பியின் ஒரு பகுதியோ முழுவதுமோ இறந்துவிடலாம். ஆங்கிலேய நோயியலாளர் ஹரோல்ட் ஷீஹான் 1937இல் விவரித்த இந்நிலை இன்று அவர் பெயராலேயே ஷீஹான் நோய்த்தொகுதி என்று அழைக்கப்படுகிறது.

கபச்சுரப்பி தைரொயிட்டுக்கு மட்டும் குரல் கொடுப்பதில்லை. பால் சுரக்கச் சொல்வதும் அதுவே; அது போனதால் பால் வரவில்லை. சூலகத்துக்குச் சொல்வதும் அதுவே; மாதவிடாய் நின்றது. சிறுநீரகத்தின் மேலுள்ள அதிரீனல் சுரப்பியை, நோயையும் அதிர்ச்சியையும் உடம்பு தாங்க உதவும் கோர்ட்டிசோல் என்ற ஓமோனைச் சுரக்கச் சொல்வதும் அதுவே. எழுந்து நின்றால் கிறுதி, சாப்பாட்டில் விருப்பமின்மை, சிறு காய்ச்சலுக்கே விழுந்து கிடத்தல், அக்குள் உரோமம் உதிர்தல் எல்லாம் இங்கிருந்து வந்தவை. ஐந்தாறு வருத்தமாகத் தோன்றி ஐந்தாறு வைத்தியரிடம் போனவை உண்மையில் ஒரே வேரில் முளைத்தவை. ரி.எஸ்.எச். உடன் கட்டுப்படா ரி4ஐயும், அதாவது ‘ஃப்ரீ ரி4’ என்று ஆய்வுகூடத்தில் எழுதும் பரிசோதனையையும் அன்றே செய்திருந்தால், ரி4 தாழ்ந்திருக்கும்போது ரி.எஸ்.எச். ஏன் உயரவில்லை என்ற கேள்வி தானாகவே எழுந்திருக்கும்.

இந்த நோய் அரிதானது என்று புத்தகங்கள் சொல்லும். நல்ல மகப்பேற்று வசதியுள்ள நாடுகளுக்கு அது சரி. வாவியைக் கடக்க வள்ளம் இல்லாமலும், சோதனைச் சாவடி திறக்கும்வரை காத்திருந்தும் பிள்ளை பெற்ற தாய்மார் நம் மாவட்டங்களில் இன்று ஐம்பது, அறுபது வயதில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் “அந்தப் பிள்ளையோட என்ட உடம்பு போயிற்று மனே” என்று சொன்னால், அதை ஒரு பேச்சாக எடுத்துக்கொண்டு கடந்துபோகாதீர்கள். அது ஒரு நோய் வரலாற்றின் முதல் வரியாக இருக்கக்கூடும்.

‘நோர்மல்’ என்ற சொல்லின் பொருள்

ஆய்வுகூடக் கடதாசியில் முடிவுக்குப் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் எல்லை எப்படி வந்தது என்பதை யாரும் நமக்குச் சொல்வதில்லை. நலமாக இருப்பவர்கள் பலரின் இரத்தத்தை அளந்து, அவர்களில் நடுவிலுள்ள 95 வீதமானவர்களின் அளவுகள் எங்கிருந்து எங்குவரை இருந்தனவோ அதையே எல்லையாக வைப்பது பொதுவான வழக்கம். ஆகவே நலமாயிருக்கும் இருபது பேரில் ஒருவர் எல்லைக்கு வெளியே நிற்பார். நோயுள்ள சிலர் உள்ளே நிற்பார்கள். கருவிக்குக் கருவி எல்லை மாறுவதால், ஓர் ஆய்வுகூடத்தின் எண்ணை மற்றொன்றின் எல்லையோடு ஒப்பிடக் கூடாது. கர்ப்பிணிக்கு எல்லையே வேறு.

எப்போது இரத்தம் எடுத்தார்கள் என்பதும் எண்ணைப் போலவே முக்கியம். கோர்ட்டிசோல் விடியற்காலையில் ஏறி, காலை எட்டு மணியளவில் உச்சத்தை அண்மித்து, இரவில் இறங்கும். பின்னேரம் நான்கு மணிக்கு எடுத்த கோர்ட்டிசோல் குறைவாக இருந்தால் அது நோயா நேரமா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆண்களின் டெஸ்ரொஸ்ரரோனையும் காலையிலேயே பார்க்க வேண்டும். சூலகத்தின் வேலையை அறியச் செய்யும் எஃப்.எஸ்.எச்., எல்.எச். பரிசோதனைகளை, மாதவிடாய் வருபவர்களுக்கு, அது தொடங்கி இரண்டாம் நாள் முதல் ஐந்தாம் நாளுக்குள் செய்வதே வழமை. முதல் பஸ்ஸைத் தவறவிட்டுப் பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தவர் அதை வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும்.

மருந்துகள் எண்களை மாற்றும். தலைமுடிக்கென்று வாங்கிச் சாப்பிடும் பயோட்டின் என்ற விற்றமின், சில கருவிகளில் தைரொயிட் முடிவுகளைத் தலைகீழாகக் காட்டிவிடக்கூடியது. பரிசோதனைக்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே அதை நிறுத்த வேண்டும். குடும்பத் திட்டமிடலுக்கு எடுக்கும் ஈஸ்திரஜன் கலந்த குளிசை மொத்தக் கோர்ட்டிசோலையும் மொத்த ரி4ஐயும் உயர்த்திக் காட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசியும் கையில் வைக்கும் ஜடெல்லும் மாதவிடாயை ஒழுங்கு குலைக்கும், சிலருக்கு நிறுத்தியும் வைக்கும். “வேறு மருந்து ஏதும் பாவிக்கிறீங்களா?” என்று கேட்டால் இவற்றை மருந்தாக நினைக்காமல் “இல்லை” என்று சொல்லிவிடுகிறோம்.

சுரப்பிகள் பழுதாகும் வேறு வழிகள்

ஓமோன் நோய்கள் எல்லாவற்றையும் இங்கே சொல்ல முடியாது. நம் ஊர்களில் அடிக்கடி தட்டிக்கழிக்கப்படுபவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

அவற்றுள் முதலாவது, பி.சி.ஓ.எஸ். என்று சுருக்கிச் சொல்லப்படும் பல்நீர்க்கட்டிச் சூலக நோய்த்தொகுதி. பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் ஏறக்குறையப் பத்தில் ஒருவருக்கு இருக்கும் இதை, “கலியாணம் முடிச்சுக் குடுத்தாச் சரியாகும்” என்று ஒரு வாக்கியத்தில் முடித்துவைக்கிறார்கள். மாதவிடாய் ஒழுங்கின்மை, முகத்தில் தடித்த உரோமம் போன்ற ஆண் ஓமோன் மிகுதியின் அடையாளங்கள், ஸ்கானில் சூலகத்தின் தோற்றம் ஆகிய மூன்றில் இரண்டு இருந்தால் நோயை உறுதிசெய்யலாம் என்று 2003இல் ரொட்டர்டாமில் கூடிய நிபுணர்கள் வகுத்தார்கள். இன்றும் அதுவே அடிப்படை. முதல் இரண்டும் இருந்தால் ஸ்கான் தேவையில்லை. பெரிய பிள்ளையாகி எட்டு ஆண்டுகள் ஆகாத பெண்பிள்ளைகளுக்கு இதற்காக ஸ்கான் செய்வதையே இன்றைய வழிகாட்டல்கள் பரிந்துரைப்பதில்லை. கலியாணமாகாத பிள்ளைக்கு ஸ்கானா என்று பயந்து வைத்தியரிடம் கொண்டுபோகாமலே விடும் உம்மாமாரும் அம்மாமாரும் இதைத் தெரிந்திருப்பது நல்லது. ஆனால் இந்தப் பெயரை வைக்குமுன் தைரொயிட்டையும், பால் சுரக்கச் சொல்லும் ஓமோனான புரோலக்டினையும் பார்த்து விலக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு மேல் மாதவிடாய் வராமலே இருப்பது இலகுவாக இருக்கிறதே என்று விட்டுவிடவும் கூடாது. கருப்பையின் உட்சுவர் உதிராமல் தடித்துக்கொண்டே போவது ஆண்டுகள் கடந்தால் புற்றுநோய்வரை போகக்கூடியது. சீனி வருத்தத்துக்கான பரிசோதனையும் இவர்களுக்கு அவசியம்.

பிள்ளை இல்லாதபோது மார்பிலிருந்து பால் கசிந்து, மாதவிடாயும் நின்றால் புரோலக்டின் உயர்ந்திருக்கக்கூடும். கபச்சுரப்பியில் வரும் சிறு கட்டி ஒரு காரணம். அது பெரும்பாலும் புற்றுநோய் அல்ல, குளிசையிலேயே சுருங்கிவிடுவதும் உண்டு. வாந்திக்கும் வயிற்றுப் பொருமலுக்கும் பாமசியில் வாங்கி மாதக்கணக்கில் விழுங்கும் டொம்பெரிடோன், மனநோய்க்குக் கொடுக்கும் சில மருந்துகள் ஆகியவையும் இதையே செய்யும். கட்டியைத் தேடுமுன் மருந்துப் பையைத் திறந்து பார்ப்பது மலிவு.

உடம்பில் கோர்ட்டிசோலைப் போலவே வேலை செய்யும் ஸ்டெரொயிட் மருந்துகள் பற்றி எனக்குக் கவலை அதிகம். முழங்கால் உளைவுக்கு யாரோ கொடுத்த பெயரில்லாத குளிசை, உடம்பு கொழுக்க வாங்கும் குளிசை, முகம் வெளுக்கப் பூசும் கிறீம், நாட்டு மருந்து என்ற பெயரில் விற்கும் தூள் ஆகியவற்றிற் சிலவற்றில் ஸ்டெரொயிட் இருக்கிறது. தொடக்கத்தில் பசி எடுக்கும், உளைவு போகும், முகம் பூரிக்கும். ஊரார் “நல்லாக் கொழுத்திட்டா” என்பார்கள். பிறகு கைகால் மெலிந்து வயிறு பெருக்கும், வயிற்றில் ஊதா நிறக் கோடுகள் விழும், சிறிது தட்டினாலே தோல் கன்றும், பாயிலிருந்து கையூன்றாமல் எழும்ப முடியாமற்போகும், சீனியும் பிரஷரும் ஏறும். மாதக்கணக்கில் ஸ்டெரொயிட் கிடைத்த உடம்பில் அதிரீனல் சுரப்பி உறங்கிவிடுவதால், பயந்து ஒரே நாளில் நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து வரும். வைத்தியரின் மேற்பார்வையில் படிப்படியாகவே குறைக்க வேண்டும். குளிசை ஏதும் எடுக்காதவருக்கு இதே அடையாளங்கள் தோன்றினால், உடம்பே கோர்ட்டிசோலை மிகுதியாகச் சுரக்கிறதா என்று தேட வேண்டும்.

அதற்கு நேர்மாறானது, 1855இல் தோமஸ் அடிசன் விவரித்த நோய். அதிரீனல் சுரப்பியே அழிந்துபோவதால் மெலிவு, வாந்தி, கிறுதி, உப்பில் தீராத ஆசை ஆகியவற்றோடு தோலும் கறுக்கும். கசநோயும் இதற்குக் காரணமாகலாம். நம்மைப் போன்ற நிறமுள்ளவர்களில் இந்தக் கறுப்பை வெயில் கறுப்பு என்று விட்டுவிடுவார்கள். வெயில் படாத உள்ளங்கை ரேகை, பல்முரசு, பழைய தழும்பு ஆகியவை கறுத்திருந்தால் வெயிலைக் குறைசொல்ல முடியாது. அக்காவைப் போலக் கபச்சுரப்பி பழுதானவர்களுக்குத் தோல் கறுக்காமல் வெளிறும். இன்னொன்று: திரும்பத் திரும்பச் சிறுநீரகக் கல் வந்து எலும்பும் உளைந்தால், கல்சியத்தைக் கட்டுப்படுத்தும் ஓமோன் மிகுந்திருக்கலாம் என்பதால், இரத்தத்தில் கல்சியத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

எல்லாக் களைப்பும் ஓமோனால் வருவதல்ல என்பதையும் அதே நேர்மையோடு சொல்ல வேண்டும். ஹீமோகுளோபின் குறையுமுன்பே இரும்புச் சத்தின் சேமிப்பு வற்றிப்போவதுண்டு. ஃபெரிட்டின் பரிசோதனையே அதைக் காட்டும். தெஹியத்தகண்டி போன்று காரணம் அறியாச் சிறுநீரக நோய் பரவியுள்ள பகுதிகளில், சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் கிரியற்றினின் பார்க்காமல் எதையும் பேசக் கூடாது. ‘அதிரீனல் சோர்வு’ என்ற பெயரில் விலைகூடிய மருந்துப் பொதிகளை விற்பவர்களை நம்ப வேண்டாம். அப்படியொரு நோயை ஓமோன் வைத்திய நிபுணர்களின் சங்கங்கள் ஏற்றுக்கொள்ளவில்லை. மனச்சோர்வு உண்மையான நோய், அதற்கும் வைத்தியம் உண்டு, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்டு அதைக் கண்டறிய வேண்டும். வேறு பெயர் கிடைக்காதபோது ஒட்டிவிடும் பெயராக அது இருக்கக் கூடாது.

‘களைப்பு’ என்ற ஒரே சொல்

வைத்தியர்கள் ஏன் தட்டிக்கழிக்கிறார்கள் என்பதை நான் நெடுநாள் கோபத்தோடு மட்டுமே நினைத்தேன். கோபம் இன்னும் போகவில்லை. எனினும் வெளிநோயாளர் பிரிவில் ஒரு காலையில் நூறு பேருக்கு மேல் வரிசையில் நிற்கும்போது, களைப்பு என்று சொல்பவர்களில் பெரும்பாலானோருக்கு இரத்தக்குறைவோ, நித்திரைக்குறைவோ, கவலையோதான் இருக்கும் என்பது வைத்தியரின் அனுபவம். அரிதான நோய் தன்னைத் தனியே அறிவித்துக்கொண்டு வருவதில்லை. அது அன்றாட முறைப்பாட்டின் உடையிலேயே வருகிறது.

நாம் பயன்படுத்தும் சொற்களும் அதற்குத் துணைபோகின்றன. களைப்பு என்ற ஒரே சொல்லால் நம் ஊரில் எத்தனையைச் சொல்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதும் களைப்பு, விடிய எழும்ப மனமில்லாததும் களைப்பு, கைகாலில் வலு இல்லாததும் களைப்பு, பகலில் கண் சொருகுவதும் களைப்பு, வேலை செய்து அலுத்ததும் களைப்பு. வைத்தியருக்கு இவை ஐந்தும் ஐந்து வேறு பாதைகள்: இதயமும் இரத்தமும், மனம், தசை, நித்திரை, வெறும் உழைப்பு. தமிழ் பேசும் நோயாளி அம்பாறை நகரத்து வைத்தியசாலையில் சிங்களம் பேசும் வைத்தியரிடம் இடையில் ஒருவரை வைத்துப் பேசும்போது அந்த ஐந்தும் சேர்ந்து ஒரு சொல்லாகவே மொழிபெயர்ந்து போகின்றன. ஆகவே சொல்லை விட்டுவிட்டுச் செயலைச் சொல்லுங்கள். “போன வருடம் கிணற்றிலிருந்து இருபது வாளி அள்ளினேன், இப்போது நான்காவது வாளியில் கை விழுகிறது.” “கச்சான் காலத்திலும் இரவில் காலுறை போடுகிறேன்.” “குந்தியிருந்து எழும்ப, கதவு நிலையைப் பிடிக்க வேண்டியிருக்கிறது.” இப்படிச் சொன்னவற்றை எந்த மொழியில் மாற்றினாலும் பொருள் கெடாது.

அக்காவின் கதை திரும்பியதும் இப்படியொரு சிறு விவரத்தால்தான். காய்ச்சலோடு மயங்கிச் சேர்க்கப்பட்டிருந்த ஒரு நாளில், விடுதியில் கடமையிலிருந்த இளம் பெண் வைத்தியர் இரத்தத்தில் சோடியம் குறைந்திருப்பதைப் பார்த்துவிட்டுக் கட்டிலருகே உட்கார்ந்து, “கடைசிப் பிள்ளைக்குப் பால் குடுத்தீங்களா அக்கா?” என்று கேட்டார். ஏழு ஆண்டுகளில் யாரும் கேட்காத கேள்வி அது. வீட்டு றங்குப்பெட்டியின் அடியில் கிடந்த பிள்ளைப்பேற்றுக் கால டயக்னோசிஸ் கார்ட்டை நான் மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். எவ்வளவு இரத்தம் ஏற்றினார்கள் என்பது அதில் எழுதியிருந்தது. அதை எத்தனை முறை குப்பையோடு எரிக்கப் பார்த்தோம் என்பதை நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது.

எதைக் கொண்டு, எங்கே போவது

ஒரு கொப்பி ஒற்றையில், ஒரு பக்கத்துக்கு மேற்படாமல் எழுதிக்கொள்ளுங்கள். எந்த ஆண்டு, எந்த மாதம்வரை நலமாக இருந்தேன். அதையொட்டி என்ன நடந்தது, பிள்ளைப்பேறா, சத்திரசிகிச்சையா, தலையில் அடியா, புதிய மருந்தா. முதலில் என்ன மாறிற்று, அடுத்து என்ன. இப்போது எதைச் செய்ய முடியவில்லை. மாதவிடாய்த் திகதிகள், எடை மாற்றம், குடும்பத்தில் தைரொயிட், சீனி உள்ளவர்கள் ஆகியவற்றைக் கீழே குறியுங்கள். பூசுமருந்து, நாட்டு மருந்து உட்பட எல்லா மருந்தையும் பையோடு கொண்டுபோங்கள். ‘எனக்கு இன்ன நோய்’ என்று தலைப்பிடாதீர்கள். நடந்ததை நடந்த ஒழுங்கில் எழுதினால் வைத்தியரின் கண் தானே தேடத் தொடங்கும். பழைய முகப்படங்களும் உதவும். அடையாள அட்டைப் படத்துக்கும் இன்றைய முகத்துக்கும் உள்ள வேறுபாட்டை ஆண்டுக்கணக்கில் கூடவே இருப்பவர்கள் கவனிப்பதில்லை. மோதிரமும் செருப்பும் வளர்ந்த வயதில் சிறுத்துப்போவது வளர்ச்சி ஓமோன் மிகுதியின் அடையாளமாகலாம்.

எங்கே தொடங்குவது என்று தெரியாத பெண்கள் தங்கள் பகுதி மருத்துவமாதுவிடம், நாம் மிஸ்ஸி என்று கூப்பிடுபவரிடம், முதலில் பேசலாம். முப்பத்தைந்து வயதானவர்களுக்குச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் சுகவனிதையர் கிளினிக் இலவசமாக இருக்கிறது. அங்கிருந்தோ வெளிநோயாளர் பிரிவிலிருந்தோ, களுவாஞ்சிக்குடி, வாழைச்சேனை, அக்கரைப்பற்று போன்ற ஆதார வைத்தியசாலை ஒன்றின் பொது வைத்திய நிபுணரது கிளினிக்குக்குக் கடிதம் கேளுங்கள். வேண்டியிருந்தால் அவர் அகஞ்சுரக்கும் சுரப்பிகளுக்கான நிபுணரிடம் அனுப்புவார். சனல் பண்ணிக் காட்டுவது விரைவானது. ஆனால் ஒவ்வொரு முறையும் வேறொருவரைச் சனல் பண்ணினால் ஒவ்வொருவரும் முதலாம் பக்கத்திலிருந்தே தொடங்குவார்கள். ஒரே கிளினிக், ஒரே கொப்பி, எல்லா ரிப்போர்ட்டும் திகதி வாரியாக ஒரே கோவையில் என்பதே என் அனுபவத்தில் பலன் தந்தது.

முடிவு இயல்பு என்று சொல்லப்படும்போது எழுந்து வந்துவிடாமல் இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும். இந்த முடிவால் எந்த வருத்தம் இல்லையென்று உறுதியாகிறது, எது இன்னும் இருக்கக்கூடும் என்பது முதலாவது. மூன்று மாதத்தில் மாற்றமில்லையென்றால் அடுத்து எதைப் பார்ப்பீர்கள் என்பது இரண்டாவது. பணிவாகக் கேட்கும் இந்தக் கேள்விகளை நல்ல வைத்தியர் வரவேற்பார். எரிந்து விழுந்தால், அவர் எழுதியதையும் வாங்கிக்கொண்டு இன்னொரு வைத்தியரிடம் காட்டுவதில் தவறேதும் இல்லை.

காத்திருக்கக் கூடாத சில நிலைகளும் உண்டு. கடுமையான தலையிடியோடு பக்கப் பார்வை மங்கி, கதவு நிலையில் தோள் இடிபடத் தொடங்கினால், கபச்சுரப்பிக் கட்டி கண் நரம்பை அழுத்தக்கூடும். ஸ்டெரொயிட் எடுத்தவரோ அதிரீனல் நோயுள்ளவரோ வாந்தியெடுத்து மயங்கினால், அந்த இரவிலேயே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

அக்காவுக்குக் காலைக் கோர்ட்டிசோலும் கட்டுப்படா ரி4உம் தாழ்ந்திருந்தன. தலை ஸ்கானில் கபச்சுரப்பி சுருங்கிக் காணப்பட்டது. முதலில் கோர்ட்டிசோலுக்குப் பதிலான ஹைட்ரோகோர்ட்டிசோன் குளிசை தொடங்கி, அதன் பின்னரே தைரொக்சின் கொடுத்தார்கள். கோர்ட்டிசோல் இல்லாத உடம்பில் தைரொக்சினை முதலில் கொடுப்பது ஆபத்தானது என்பதால் அந்த ஒழுங்கு முக்கியம். அடுத்த வீட்டுக்காரரின் தைரொயிட் குளிசையை இரவல் வாங்கிப் பார்க்கக் கூடாது என்பதற்கும் அதுவே காரணம். தைரொக்சினை வெறும் வயிற்றில் எடுத்து அரை மணி நேரமாவது கழித்தே தேநீர் குடிக்கிறார். இரும்பு, கல்சியக் குளிசைகளை நான்கு மணி நேரம் தள்ளி வைக்கிறார். அவருக்கு மருந்தின் அளவை ரி4ஐப் பார்த்தே தீர்மானிக்க வேண்டும், ரி.எஸ்.எச்.ஐப் பார்த்தல்ல. அது தெரியாத ஒரு புதிய வைத்தியர், ரி.எஸ்.எச். தாழ்ந்திருப்பதைக் கண்டு ஒருமுறை குளிசையைக் குறைக்கப் பார்த்தார்; கொப்பியின் முதல் பக்கத்தைக் காட்டியதும் விட்டுவிட்டார்.

இப்போது காய்ச்சல் வந்தால் ஹைட்ரோகோர்ட்டிசோனை இரண்டு மடங்காக எடுக்க வேண்டும் என்பது அக்காவின் மூத்த மகளுக்கும் மனப்பாடம். அக்காவின் பேர்சுக்குள் பிளாஸ்ரிக் உறையிட்ட ஒரு சிறு மட்டை இருக்கிறது. இவருக்குக் கபச்சுரப்பி வேலை செய்யவில்லை, மயங்கிக் கிடந்தால் உடனே ஹைட்ரோகோர்ட்டிசோன் 100 மில்லிகிராம் ஊசி போடவும் என்று அதில் எழுதியிருக்கிறது. தமிழிலும் ஆங்கிலத்திலும் நான் எழுதினேன். சிங்கள வரியை, அக்கா சேர்க்கப்பட்டிருந்த அதே விடுதியின் தாதி ஒருவர் தன் கையாலேயே எழுதித் தந்தார்.